உயிர் காலேஜுக்குப் போனவர்கள்

சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த மிருகக்காட்சிசாலைக்கு எங்கள் பக்கத்து ஜனங்கள் வைத்திருந்த பெயர் உயிர் காலேஜ். எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ். ஒன்றில் உயிருள்ள பிராணிகள். மற்றொன்றில் பஞ்சடைத்த பிராணிகளும் கல் சிலைகளும். பெயர் வைத்தவர் யாரென்று தெரியாது. ஆனால் அந்தப் பெயரில் ஒரு நியாயம் இருந்தது. பெரிய சுற்றுச்சுவர், வாசலில் காவல்காரர், உள்ளே போய்த் திரும்பினால் நாலு விஷயம் தெரிந்திருக்கும். காலேஜ் என்பதற்கு வேறென்ன இலக்கணம் வேண்டும்?

நான் அறுபதுகளின் பிற்பகுதியில் கும்மிடிப்பூண்டியிலிருந்து பாசஞ்சர் வண்டியில் பட்டணத்துக்குப் போய் பி.ஏ. படித்தவள். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த எங்கள் தெருவில் அப்படிப் படித்தவள் நான் ஒருத்திதான். காலையில் புத்தகங்களோடு நிலையத்துக்கு நடக்கும்போது வழியில் யாராவது, "இன்னாம்மே, உயிரா, செத்ததா?" என்று கேட்பார்கள். "ரெண்டுக்கும் நடுவுல, அரை உயிரு" என்று சொல்லிவிட்டு நடப்பேன். அந்தப் பதில் அவர்களுக்குப் பிடித்திருந்தது. காலேஜ் என்ற இந்த வார்த்தையே பின்னால் ஒரு பெண்ணின் கல்யாணத்தில் குறுக்கே வந்து நிற்கும் என்று அன்று யார் நினைத்தது?

படிப்பு முடிந்ததும் ரயில் பாதைக்கு மேற்கே புதிதாக எழும்பியிருந்த தொழிற்சாலைகளில் ஒன்றில் எனக்கு அலுவலக வேலை கிடைத்தது. மின்சார ப்யூஸ் கட்டைகளுக்குப் பீங்கான் துண்டுகள் செய்யும் இடம் அது. தகரக் கூரையின் கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சூளைக்குப் போவதற்கு முன் அந்தத் துண்டுகளின் ஓரங்களைத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். மாலையில் புருவம், இமை எல்லாம் வெள்ளைத் தூளோடு எழுந்து வருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் சில வருஷங்களுக்கு முன்புவரை பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், களை பறித்தவர்கள். எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பெண்ணும் அவர்களில் ஒருத்தி. என்னைவிட நாலைந்து வயது சிறியவள். தகப்பனார் இல்லை, தாயும் அண்ணனும்தான். என்னை அக்கா என்று அழைப்பாள். அழைத்தது அப்படியென்றாலும், என்னிடம் எதையும் அவள் அனுமதியாகக் கேட்டதில்லை.

பொங்கலுக்கு முந்தைய ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது அவள்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"காணும் பொங்கலுக்கு இந்தத் தபா நாம போலாமா, உயிர் காலேஜுக்கு?"

"யாரு கூட்டிக்கினு போறது?" என்றாள் ஒருத்தி.

"யாரு இன்னாத்துக்கு கூட்டிக்கினு போவணும்? ரயிலு போவுது. நமக்குக் கால் கீது."

காணும் பொங்கலன்று எங்கள் பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாகப் பட்டணத்துக்குப் போவார்கள். ஆண்கள் போவார்கள், குடும்பங்கள் போகும். புருஷன் கையில் குழந்தை, மனைவி கையில் புளிசாதத் தூக்கு. கல்யாணமாகாத பெண்களும் புருஷன் இல்லாதவர்களும் யாராவது கூட்டிப் போனால்தான் உண்டு. இவளுடைய அண்ணன் வருஷம் தவறாமல் நண்பர்களோடு போவான். தங்கையை அடுத்த வருஷம் கூட்டிப் போவதாக ஒவ்வொரு வருஷமும் சொல்வான். பெண்கள் தாங்களாகச் சேர்ந்து போனதாக எங்கள் தெருவில் அதுவரை பேச்சு இல்லை.

நான் உடனே சம்மதிக்கவில்லை. எனக்கு எதையும் எடைபோட்டுப் பார்க்கும் சுபாவம். அந்தப் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பாக்கத்துக்கும் வடக்கே, ஆந்திர எல்லையோரத்தில் ஓர் இடம் பேச்சில் இருந்தது. ரயில் பாதை பராமரிப்பில் வேலை பார்க்கும் பையன். இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு நாள் ஊர் சுற்றியதைப் பத்து வாய் பத்து விதமாகச் சொல்லும். அதை அவளிடம் எடுத்துச் சொன்னேன்.

"யக்கா, நீ ஆபீஸ்ல தராசு வச்சுக்கினு குந்தினு கீறியா?" என்றாள். "புலிய நான் படத்துலதான் பாத்துருக்கேன். எனக்குப் பாக்கணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. அந்தப் புலி இருந்தது மரங்கள் அடர்ந்த பூங்காவின் நடுவே; எங்களுக்கோ பச்சை என்றால் வேலை. வயல் பச்சையாக இருந்தால் குனிய வேண்டும். பச்சை மாறிப் பழுத்தால் இன்னும் குனிய வேண்டும். வரப்பில் நிற்பவர் பார்ப்பார்; நாங்கள் நிமிர்ந்து பார்த்தால், "இன்னா வேடிக்கை?" என்று அவர் கேட்பார். மரமும் செடியும் பூவும் இருக்கிற இடத்தில் எந்த வேலையும் இல்லாமல் நின்று பார்ப்பது என்பது எங்கள் தாய்மார் யாருக்கும் வாய்க்காத ஒன்று. நகரம் தன் நடுவே வேலி போட்டு வளர்த்து வைத்திருக்கும் பச்சையில் யாரும் யாரையும் குனியச் சொல்வதில்லை. அதைப் போய்ப் பார்க்க ஒரு பெண்ணுக்குத் துணை வேண்டும், அனுமதி வேண்டும் என்றால் அந்த விதியைத்தான் எடைபோட வேண்டுமே தவிர அவளுடைய ஆசையை அல்ல. நானும் வருகிறேன் என்றேன்.

காணும் பொங்கலன்று காலையில் அவள் தன் தாயிடம் சொன்னாள். தாய் அரைமனதாகத் தலையாட்டினாள். அண்ணன் விடியுமுன்பே நண்பர்களோடு கிளம்பிப் போயிருந்தான்; அவனைக் கேட்க அவன் வீட்டில் இல்லை என்பதையே அவள் அனுமதியாக எடுத்துக்கொண்டாள்.

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். கரி வண்டி. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களின் கண்ணில் கரித்தூள் விழுந்தது. பீங்கான் தூளுக்கு இது மாற்று என்று சிரித்தார்கள். சென்ட்ரலில் இறங்கி ஜனவெள்ளத்தோடு நடந்தால் உயிர் காலேஜ் வாசல். புலியின் கூண்டுக்கு முன்னால் அவள் நெடுநேரம் நின்றாள். அது அவளைப் பார்க்கவில்லை. கூண்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்து திரும்பிக்கொண்டே இருந்தது.

"இதுக்கும் ஷிப்டு போல" என்றாள்.

பிறகு செத்த காலேஜுக்கும் நடந்தோம். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். பகல் சாய்ந்தபோது வழியில் ஒரு பூந்தோட்டம் தெரிந்தது. உள்ளே போனோம். வட்டமாக வெட்டிவிடப்பட்ட செடிகள், கொன்றை மரம், நடுவே பரந்த புல்வெளி. அங்கங்கே குடும்பங்கள் துணி விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. நாங்களும் உட்கார்ந்து புளிசாதத் தூக்கைத் திறந்தோம். காக்கிச் சட்டை போட்ட தோட்டக் காவலர் ஒருவர் நேராக எங்களிடம் வந்தார்.

"எந்திரிங்க, எந்திரிங்க. புல்லு மேல குந்தக் கூடாது."

அவள் சுற்றிலும் பார்த்தாள். "அவங்கல்லாம் குந்தினு கீறாங்களே, அண்ணே?"

"அவங்க குடும்பமா வந்தவங்க. உங்களோட ஆம்பள யாராச்சும் வந்துருக்காங்களா?"

"கூண்டுல ஒண்ணு கீது, பிடரி வச்ச சிங்கம். போய்க் கூட்டியாரட்டா?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பம் சிரித்துவிட்டது. காவலர் சிரிக்கவில்லை. புல் கெட்டுப்போகும் என்றார். எங்களில் மூத்தவள் ஒருத்தி, வயல் வேலையில் முதுகு வளைந்தவள், உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள்.

"எத்தினி காணி புல்லு அறுத்த கை இது, தெரியுமா? புல்லுக்கு இன்னா ஆவும்னு எங்களுக்குத் தெரியாதா? குந்தினா நிமுந்துக்கும். நீ போயி வேற வேலையப் பாரு நைனா."

அவர் மேலதிகாரியை அழைத்து வந்தால் என்ன பேசுவது என்று வாக்கியங்களை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவை தேவைப்படவில்லை. நாங்கள் எழவில்லை, அவர் போய்விட்டார். சாதத்தைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகும், எழுவதற்கு எந்த அவசரமும் இல்லாதவர்களாக, வேண்டுமென்றே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

காணும் பொங்கல் என்பது உறவினரைக் காணும் நாளும் கூட. இதை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் புல்வெளியில் உட்கார்ந்திருந்த அதே நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல், மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் வடக்கேயிருந்து பெண் வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தார்கள். பெண் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். தாய் பதறிப்போய், பதற்றத்திலும் பொய் சொல்லத் தெரியாமல், எங்கள் தெருவில் எல்லோரும் சுருக்கிச் சொல்கிறபடியே சொல்லியிருக்கிறாள்.

"பொண்ணு காலேஜுக்குப் போயிருக்குது."

அவர்கள் ஊரில் உயிர் காலேஜ் என்ற பேச்சு இல்லை. அவர்களுக்குத் தெரிந்த காலேஜ் ஒன்றே ஒன்றுதான். பீங்கான் தேய்க்கிற பெண் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள், காலேஜில் படிக்கிற பெண் என்று தெரிந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். பண்டிகை நாளில் எந்தக் காலேஜ் திறந்திருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. காலேஜின் வழக்கங்கள் அவர்களுக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளையின் தகப்பன் எழுந்து நின்று, "டப்பு ஒண்ணும் வேணாம்மா, படிப்பே போதும். பையன நேர்ல கூட்டியாந்து முடிச்சுடலாம்" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த பூவையும் பழத்தையும் வைத்துவிட்டுப் போனார். தாய் திகைத்து நின்றாள். எது எதற்காக நடந்தது என்று அவளுக்குப் புரிந்தபோது அவர்கள் பேருந்து ஏறிவிட்டார்கள்.

அன்று மாலை திரும்பி வந்த அண்ணனுக்கு முதலில் தங்கை மேல் கோபம். பிறகு கோபத்தை விழுங்கிக்கொண்டு ஒரு யோசனை. மறுநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"தங்கச்சி, நீ காலேஜ் படிச்சவ. அவங்க வரும்போது நீ இரு. உன் காலேஜ்லதான் இவளும் படிக்கிறான்னு ஒரு வார்த்த சொல்லிடு. நீ சொன்னா நம்புவாங்க."

"கல்யாணத்துக்கு அப்புறம் அவளுக்கு இங்கிலீஷ்ல ஒரு காயிதம் வந்தா?"

"அத அப்புறம் பாத்துக்கலாம். ஒரு பேஜாரு இல்லாம முடிஞ்சா போதும். டப்பு வேணாம்னுட்டாங்க, தெரியுமில்ல? இந்த மாதிரி எடம் இன்னொரு தபா வருமா?"

வராது என்பது எனக்கும் தெரியும். பொய் சொன்னால் கல்யாணம் நடக்கும். ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து உண்மை தெரியும். அப்போது அந்நிய ஊரில், அந்நிய வீட்டில், தனியாக நின்று அதற்குப் பதில் சொல்லப் போகிறவள் அவள். நானும் இருக்கமாட்டேன், அண்ணனும் இருக்கமாட்டான். உண்மை சொன்னால் இந்த இடம் போகும்; அதற்கும் விலை கொடுக்கப் போகிறவள் அவள்தான். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தட்டில் இருப்பது அவளுடைய வாழ்க்கை என்னும்போது, தராசைப் பிடிக்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது? பொய் சொல்லமாட்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன். உண்மையை எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவளிடமே விட்டுவிட்டேன்.

"நீ வந்து குந்து, அது போதும்" என்றாள் அவள். "வாய எனக்குக் குட்த்துருக்காரு கடவுளு."

குறித்த நாளில் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை சட்டைக் காலரில் கைக்குட்டை மடித்து வைத்து, சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். மாப்பிள்ளையின் தாய் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கன்னத்தைத் தொட்டு, ஆசையாகக் கேட்டாள்.

"எந்தக் காலேஜும்மா படிக்கிற?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன்.

"படிக்கல, அத்தே. பாத்துட்டு வந்தேன். நான் போன காலேஜ்ல புலி, கரடி, கொரங்கு எல்லாம் கீது. இந்தப் பக்கம் அதுக்கு உயிர் காலேஜுன்னு பேரு. எங்கம்மா பொய் சொல்லல, உங்களுக்குத்தான் புரியல. நான் ப்யூஸ் கட்ட தேய்க்கறவ. அஞ்சாவது வரைக்கும் போயிருக்கேன்."

மாப்பிள்ளைக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது; தகப்பன் பார்த்த பார்வையில் அதை அடக்கிக்கொண்டான்.

"யாரோட போன?" என்றார் தகப்பன்.

"என்கூட வேல செய்யறவங்களோட. இந்த அக்காவும் வந்தாங்க."

"ஆம்பள?"

"ஆம்பள யாரும் வரல."

படிக்காதவள் என்பதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. முகம் மாறியது இந்தப் பதிலில்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மனைவி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. அதை நான் இன்றும் மறுக்கமாட்டேன். சமாதானமாகவே பேசினாள்.

"தெரியாத வயசு, போயிட்டா. போனது தப்பு, இனிமே போமாட்டேன்னு மாமா கால்ல வுழுந்து ஒரு வார்த்த சொல்லட்டும். மத்ததெல்லாம் நான் பேசிக்கறேன்."

இது நல்ல பேரம் என்று அந்த வீட்டிலிருந்த எல்லோரும் நினைத்தார்கள். பெண்ணின் தாய்க்கு முகத்தில் உயிர் திரும்பியது. அண்ணன், "சொல்லு. ஒரு வார்த்ததானே?" என்றான்.

ஒரு வார்த்தைதான். அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். குனிந்த தலையைப் பார்த்து, சொல்லிவிடுவாள் என்றே நானும் நினைத்தேன். சொன்னால் அவளைக் குறை சொல்லக் கூடாது என்று எனக்குள் தீர்மானமும் செய்துகொண்டேன்.

"இன்னா தப்பு, அத்தே?" என்று நிமிர்ந்தாள். "எங்கண்ணன் வருசா வருசம் போவுது. யாரு கால்ல வுழுந்துச்சு? நாங்க ரயிலுக்கு டிக்கெட்டு எடுத்தோம், காலேஜுக்கு டிக்கெட்டு எடுத்தோம், பாத்தோம், சோறு துன்னோம், வந்தோம். இதுல எது தப்புன்னு நீங்களே சொல்லுங்க, அதுக்கு மட்டும் கால்ல வுழறேன்."

"எதுத்துப் பேசறா பாரு" என்றார் தகப்பன்.

"எதுத்துப் பேசல மாமா, கேக்கறேன். நான் தப்புன்னு சொல்லிட்டா அது என்னோட முடிஞ்சுடாது. என்கூட வந்தவங்க அத்தினி பேரும் தப்புன்னு ஆயிடும். நாளிக்கு அவங்க ஊட்லயும் இதே பேச்சு வரும். அவங்களுக்கும் சேத்து நான் கால்ல வுழ முடியாது."

அவர்கள் எழுந்தார்கள். மாப்பிள்ளை கடைசியாக வெளியே போனான். படியில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். தகப்பன் கூப்பிட்டதும் போய்விட்டான்.

கதவு சாத்தியதும் அண்ணன் என் பக்கம் திரும்பினான். "சந்தோசமா, தங்கச்சி? கூட்டிக்கினு போய் ஊரு சுத்திக் காட்டினியே, இப்ப யாரு கட்டுவான் இவள?"

நான் வாய் திறக்குமுன் அவள் குறுக்கிட்டாள். "அக்கா ஒண்ணும் என்ன இடுப்புல தூக்கி வச்சுக்கினு போவல. நானா போனேன். நானா சொன்னேன். கோவத்த என் மேல காட்டு. நான் இங்கதான் கீறேன்."

தாய் அழுதாள். யாரும் அன்று அந்த வீட்டில் சாப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

விளைவுகள் வந்தன, மறைப்பதற்கில்லை. வடக்கேயிருந்து வேறு வரன் எதுவும் நெடுநாள் வரவில்லை. தொழிற்சாலையில் ஆண்கள் அவளை, "வாம்மா காலேஜு" என்று அழைக்கத் தொடங்கினார்கள். "காலேஜுன்னா கூண்டு இருக்கும், கூப்புடறவன்லாம் அதுக்குள்ள போய் நில்லு" என்று அவள் பதில் சொன்ன பிறகு அது குறைந்தது, நிற்கவில்லை. எங்களோடு வந்த பெண்களில் சிலரை வீட்டில் அடித்தார்கள். முதலாளியிடமும் பேச்சுப் போனது. தொழிலாளிப் பெண்களைக் கெடுக்கிறேனா என்று அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். விடுமுறை நாளில் பூங்காவுக்குப் போனோம், மறுநாள் எல்லோரும் நேரத்துக்கு வேலைக்கு வந்தோம், இதில் கெட்டுப்போனது எது என்று கேட்டேன். அவளிடமிருந்து நான் கற்றுக்கொண்ட கேள்வி அது. இன்றுவரை வேறு பல இடங்களிலும் அதையே கேட்டிருக்கிறேன். ஒரு முறையும் நேரான பதில் கிடைத்ததில்லை.

இவ்வளவு நடந்தும் அது தேவையா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. ஒரு புலியையும் கொஞ்சம் புல்லையும் பார்ப்பதற்கு ஒரு கல்யாணத்தை விலையாகக் கொடுக்கலாமா என்று. கேள்வியே பிழையானது என்பேன். விலை வைத்தவள் அவள் அல்ல. வைத்தவர்களிடம், ஏன் வைத்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கொடுத்தவளிடம்தான் ஏன் கொடுத்தாய் என்று கேட்கிறார்கள். நகரத்தின் தோட்டங்கள் எல்லோருக்குமானவை என்று பலகையில் எழுதியிருக்கும். எல்லோரும் என்ற சொல்லுக்குள் நாங்களும் இருக்கிறோமா என்பதை உள்ளே போய் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

அடுத்த காணும் பொங்கலுக்கு நாலே பேர் வந்தோம். மற்றவர்களை வீட்டில் விடவில்லை. அந்த முதுகு வளைந்த மூத்தவள் வந்தாள். அவளைத் தடுக்க வீட்டில் யாருமில்லை. வண்டியில் கூட்டம் தாங்கவில்லை. பொன்னேரியில் ஏறிய நடுவயதுக்காரர் ஒருவர் எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்துப் பொறுக்கமாட்டாமல் கடைசியில் அவளிடம் கேட்டார்.

"இன்னாம்மா, இம்மாம் கூட்டத்துல தொணைக்கு ஆம்பள யாரும் வரலியா?"

அவள் ஜன்னல் பக்கமாக நகர்ந்து, பலகையில் கொஞ்சம் இடம் விட்டாள்.

"உனுக்கு பயமா இருந்தா இங்க வந்து குந்துண்ணே. நாங்க நாலு பேரு கீறோம்."